ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகும் சோறு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை தங்கள் நாளிதழை விரித்தபோது, உள்ளே செருகி வைத்திருந்த வண்ணத் துண்டறிக்கை ஒன்று மடியில் விழுந்தது. ஆடிப்பெருக்கன்று ஐந்து வகைச் சித்ரான்னங்களை, பத்துப் பேருக்கு இவ்வளவு, இருபது பேருக்கு இவ்வளவு என்ற கணக்கில் வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பதாக அதில் அச்சிட்டிருந்தார்கள். அந்த வியாபாரத்தின் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இத்தகைய வசதி பெரும் உதவி. ஆனால் நாலைந்து குடும்பங்கள் ஒன்றுகூடும் நாளில், ஆளுக்கொரு பாத்திரம் தூக்கிவரும் வழக்கத்தை விட்டுவிட்டு, எல்லோருமாகப் பணம் போட்டு ஒரே இடத்தில் சோறு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இப்போது பரவி வருகிறது. அதைப் பற்றியும், ஒன்றுகூடலுக்கு எந்தப் பதார்த்தத்தை எடுத்துப் போவது நல்லது என்பதைப் பற்றியும் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கடிதம்.

எங்கள் குடும்பத்தில் உடன்பிறந்தவர்கள் ஐவர். பிழைப்பு எங்களை ஐந்து ஊர்களில் கொண்டுபோய் விட்டிருந்தாலும், ஆடி மாதம் பதினெட்டாம் நாள், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி, குத்தாலத்துக் காவிரிப் படித்துறையில் ஒன்றுசேர்வதை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறோம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்துவிட்டால் அதற்குள் எங்கள் பக்கம் ஆறு கரை தொட்டு ஓடும். தண்ணீர் வராத ஆண்டுகளில் மணலில் ஊற்று பறித்து, அதற்குப் பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்ததும் உண்டு. ஆற்றில் நீர் இருந்ததோ இல்லையோ, சாப்பாட்டில் மட்டும் எந்த ஆண்டும் குறை வைத்ததில்லை. பெரிய அக்கா புளியோதரை, அண்ணி எலுமிச்சைச் சாதம், சின்ன அக்கா சர்க்கரைப் பொங்கல், தங்கை தயிர்ச் சாதமும் மாவடுவும், எங்கள் வீட்டிலிருந்து வடாம் வறுவலும் காப்பரிசியும் என்று, எழுதி வைக்காத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. ஊறவைத்த பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் தேங்காய்ப்பல்லும் கலந்த அந்தக் காப்பரிசியை ஆற்றுக்குப் படைத்த பிறகுதான் தூக்குவாளிகளின் மூடியைத் திறப்போம்.

சென்ற ஆண்டு முதன்முறையாக அந்த ஒப்பந்தத்தை மீறினோம். "எல்லாருக்கும் வயசாயிடுச்சு, இனிமே யாரு அடுப்படியில நிக்கிறது?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தலையசைக்க, ஊர் பெயர் வேண்டாம், அருகில் உள்ள ஓர் இடத்தில் முப்பது பேருக்குச் சொல்லிவிட்டோம். பதினொன்றரை மணிக்கு வருவதாகச் சொன்ன சாப்பாடு ஒன்றே கால் மணிக்கு வந்து சேர்ந்தது. ஆவி அடங்கும் முன்பே மூடிக் கட்டிய தேங்காய்ச் சாதம், மூடியைத் திறந்ததுமே முகத்தைச் சுளிக்க வைத்தது. விரலால் தொட்டால் நூல் பிடித்தது. எலுமிச்சைச் சாதம் கசந்தது. சிறுவர்கள் கடைத்தெருவுக்குப் போய்ப் பரோட்டா தின்றுவிட்டு வந்தார்கள். எங்களில் ஒருவரும் யாரையும் குறை சொல்லவில்லை; ஆனால் அதுவரை ஒவ்வோர் ஆண்டும் இலையைச் சுற்றி நடந்துவந்த பேச்சு, அதாவது அக்காவின் புளிக்காய்ச்சலில் இந்த முறை வெந்தயம் தூக்கல் என்றும், தங்கை மாவடுவில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள் என்றும் நடக்கும் அந்த வம்பு, அன்று நடக்கவே இல்லை. யாரோ சமைத்த சோற்றைப் பற்றி என்னதான் பேசுவது?

ஒன்றுகூடலுக்கு எடுத்துப் போகும் உணவு நமக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அது வழியைத் தாங்குமா, வெயிலைத் தாங்குமா, நாத்தனார் வீட்டார் வந்து சேரும்வரை இரண்டு மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்குமா என்பதே. வீட்டில் அடுப்பிலிருந்து இறக்கி இலையில் போட்டுச் சாப்பிடும்போது அமிர்தமாக இருக்கும் பல பதார்த்தங்கள், மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குப் பிறகு வாயில் வைக்க முடியாமல் போய்விடுகின்றன. நம் முன்னோர் சித்ரான்னங்களைத் தேர்ந்தெடுத்தபோது இந்த நுணுக்கத்தை மனத்தில் வைத்துத்தான் தேர்ந்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

புளியோதரை அவற்றில் தலையாயது. புளிப்பும் உப்பும் எண்ணெயும் கூடி நிற்பதாலும், தேங்காயோ வெங்காயமோ சேராததாலும், நீர்ப்பசை சுண்டிப் போயிருப்பதாலும் அது எளிதில் கெடுவதில்லை. விடியற்காலையில் கலந்தது நண்பகலில்தான் உரிய ருசிக்கு வருகிறது. பெரிய அக்காவுக்குக் கண் அறுவை நடந்த ஆண்டு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் கட்டிலில் அமர்ந்தபடி சொல்லச் சொல்ல நான் செய்து கற்றுக்கொண்ட அளவு இது: ஒரு கிலோ அரிசிக்கு, கொட்டையும் நாரும் நீக்கிய பழம்புளி 150 கிராம், நல்லெண்ணெய் கால் லிட்டர். புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்ட வேண்டும். அடிகனமான சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, காய்ந்த மிளகாய், கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, கரைசலை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க விட வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடிப்பிடித்துக் கசந்துவிடும். அது சுண்டிச் சுண்டி, சட்டியின் ஓரத்தில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மினுங்கும்போது, நெல்லிக்காயளவு வெல்லத்தைப் போட்டு, வறுத்துப் பொடித்த வெந்தயம், கொத்துமல்லி விதை, எள் ஆகியவற்றைத் தூவி இறக்கிவிடலாம்.

இதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிழை நேர்வதே இதற்குப் பிறகுதான். பழைய அரிசியாகப் பார்த்துப் பொலபொலவென்று வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி பச்சை நல்லெண்ணெயைச் சுற்றிலும் விட்டு, விசிறியால் விசிறி நன்றாக ஆறவைக்க வேண்டும். சூட்டோடு கிளறினால் பருக்கை உடைந்து கூழாகும். கலந்த பிறகும் ஆவி முழுவதும் அடங்கும்வரை மூடக் கூடாது. அக்கா என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது: "மூடாதேடா, மூடி வேர்க்கும், அந்த வேர்வை சொட்டுச் சொட்டா சோத்துல விழுந்துதான் ஊசிப்போவுது." சென்ற ஆண்டு எங்களுக்கு வந்து சேர்ந்த தேங்காய்ச் சாதத்துக்கு நேர்ந்த கதி இதுதான் என்பதை, அந்தப் பாத்திரத்தின் மூடியைத் திருப்பிப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

தயிர்ச் சாதத்தில் வேறொரு சூட்சுமம் உண்டு. வீட்டில் சாப்பிடுவதுபோல் தயிரை ஊற்றிப் பிசைந்து எடுத்துப் போனால் நண்பகலுக்குள் புளித்துப் பல் கூசும். குழைய வடித்த சோற்றை மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி, வெதுவெதுப்பாக இருக்கும்போது இரண்டு கரண்டித் தயிரை மட்டும் விட்டுக் கலந்துவிட வேண்டும். வழியிலேயே அது உறைந்து, இலையில் விழும்போது அப்போது தோய்ந்த தயிரின் இனிப்போடு இருக்கும். எலுமிச்சைச் சாதத்துக்குச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே விட வேண்டும், கொதித்தால் கசக்கும் என்ற ஒரு வரி போதும். சர்க்கரைப் பொங்கலைச் சற்றுத் தளர இறக்கினால்தான் ஆறும்போது சரியான பதத்துக்கு வரும். தேங்காய்ச் சாதத்தைப் பொறுத்தவரை, அதை ஆற்றங்கரைக்கு எடுத்து வருவதையே நான் ஆதரிக்கவில்லை. உள்ளூரில், பத்து நிமிட நடையில் வீடு இருப்பவர்கள் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

பிறரைக் குறை சொல்லிவிட்டு என் பிழையை மறைப்பது முறையாகாது. பல ஆண்டுகளுக்கு முன், வடாமும் காப்பரிசியும் மிகச் சாதாரணம் என்று நினைத்து, எல்லோரையும் வியக்க வைக்க வேண்டுமென்ற ஆசையில், பத்து லிட்டர் தூக்கு நிறையச் சேமியாப் பாயசம் வைத்து எடுத்துப் போனேன். காலை ஏழு மணிக்கு இறக்கிய பாயசம் அது. வழியெல்லாம் சேமியா பாலைக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது. படித்துறையில் மூடியைத் திறந்தபோது கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. பெரிய அத்தான் தூக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை ஊத்துறதா, இல்ல கத்தியால வெட்டித் தர்றதா?" என்று கேட்டார். இன்றும் எங்கள் வீட்டில் ஏதாவது கெட்டியாகிவிட்டால் அதற்கு என் பெயரைச் சொல்கிறார்கள். வேகவைத்த சேமியாவைத் தனியாகவும், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய பாலைத் தனியாகவும் கொண்டுபோய், பரிமாறும் நேரத்தில் கலந்திருந்தால் அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடக்கும் ஒன்றுகூடல்களில் சிக்கல் வேறு வகையானது. அங்கே சோறு வீட்டுக்காரர் பொறுப்பு. வருகிறவர்கள் கொண்டுவருவது பலகாரம். வெறுங்கையோடு போகக் கூடாது என்ற பழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் கையில் இருப்பது என்ன? சென்ற தீபாவளியன்று எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் ஏழு இனிப்புப் பெட்டிகள் சேர்ந்தன. ஏழிலும் பாலில் செய்த இனிப்புகள். நான்கு பெட்டிகளில் ஒரே கலவை. வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஆகவே ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டு, மற்ற ஆறையும் வேறு வேறு வீடுகளுக்குக் கைமாற்றி விட்டோம். எங்களுக்கு வந்தவற்றில் சிலவும் அவ்வாறு கைமாறி வந்தவையாகவே இருக்கும். சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதி வரை உண்ணலாம் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. பால் இனிப்பின் ஆயுள் சில நாட்களே. வீடு வீடாக ஊர்வலம் போகும் பெட்டியில் அந்தத் தேதியை யார் பார்க்கிறார்கள்?

இந்த இடத்தில் என் பெரியம்மாவைப் பற்றி ஒரு செய்தி சொல்ல அனுமதிக்க வேண்டும். அவர் தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வரும்போது கையில் பலகாரம் ஏதும் இருக்காது. பித்தளைச் சம்படம் ஒன்றில் அதிரச மாவு மட்டும் இருக்கும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றிலும் போகும் முன்பே இடித்துச் சலித்து, ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்ற கணக்கில் பாகு வைப்பார். தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் கூட்டி உருட்டிப் பார்ப்பார். கரைந்தால் பதம் போதாது. கல்லாக நின்றால் பதம் மிஞ்சிவிட்டது. உருண்டும், அழுத்தினால் அமுங்கியும் கொடுக்க வேண்டும். அந்தப் பாகில் மாவைக் கொட்டிக் கிளறி, ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு, மேலே நெய் தடவி இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்த மாவு அது. எங்கள் வீட்டு அடுப்பில், எங்கள் கண் முன்னால், வாழையிலையில் தட்டி எண்ணெயில் போட்டு, எடுத்ததும் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிவார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து, பிழியப் பிழிய வாங்கித் தின்போம். முழு வேலையையும் தம் வீட்டில் முடித்துவிட்டு, கடைசி அரை மணி நேர வேலையைப் போகும் வீட்டுக்கு எடுத்துச் செல்வது எத்தனை நல்ல யோசனை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மணம் முடித்து வரும் பெண்களும் மாப்பிள்ளைகளும் தங்கள் ஊர்ப் பலகாரத்தைக் கொண்டுவருவதால் ஒரு குடும்பத்தின் நாக்கு விரிவடைகிறது. எங்கள் வீட்டு மருமகன் ஒருவர் நாகர்கோவில்காரர். வறுத்த சிறுபயறு மாவும் வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்த முந்திரிக்கொத்தை அவர் முதன்முதலில் கொண்டுவந்தபோது, இதில் முந்திரி எங்கே என்று என் தங்கை தேடிக்கொண்டே நான்கைத் தின்று தீர்த்தாள். பத்து நாள் வைத்தாலும் கெடாத பலகாரம் அது. கொங்கு நாட்டிலிருந்து வந்த மருமகள் கொண்டுவரும் கச்சாயத்தை எங்கள் பக்கத்து அப்பத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதே எங்கள் வீட்டுப் பொங்கல் விளையாட்டு. சமைக்கத் தெரியாதவர்கள், நேரமில்லாதவர்கள் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், தங்கள் ஊரின் பெயர் சொல்லும் ஒன்றை வாங்கி வரலாமே! பழனிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும், மணப்பாறை முறுக்கு 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. கோவில்பட்டியில் வேலை பார்க்கும் தம்பி சென்னையில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்படியெல்லாம் எழுதினால், பெண்களை மறுபடியும் அடுப்படிக்கு அனுப்பப் பார்க்கிறான் கிழவன் என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானது. எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. ஆண்கள் பாத்திரத்தைக் காரில் ஏற்றுவதையும் இறக்குவதையுமே பெரிய உதவியாகக் காட்டிக்கொண்டோம். பண்டிகைக்கு முதல் நாள் இரவு பன்னிரண்டு மணி வரை கண் விழித்து, மறுநாள் நான்கு மணிக்கு எழுந்து, சமைத்துக் கட்டிக்கொண்டு வந்து, சாப்பிடும் நேரத்தில் பசியே இல்லாமல் படியில் சாய்ந்து கிடந்த என் மனைவியின் முகத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் ஒரு வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்பதை வலியுறுத்துகிறேன். அதையும் அந்த வீட்டில் யார் செய்தாலும் சரி. புளிக்காய்ச்சலை ஆடிக்கு முந்தைய வார விடுமுறையிலேயே செய்து, ஈரமில்லாத கண்ணாடி சீசாவில் அடைத்து வைத்துவிடலாம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வரும் பிள்ளை அந்தச் சீசாவோடு வந்தால் போதும், சோற்றை உள்ளூரில் வடித்துக்கொள்ளலாம். மாவடுவைப் பங்குனி, சித்திரையிலேயே ஜாடியில் போட்டுவிடுகிறோம். மோர்மிளகாயும் வடாமும் கோடையிலேயே காய்ந்து டப்பாவில் தூங்குகின்றன. வேறு எதுவும் முடியாதவர் நாற்பது நுனி இலையும் இரண்டு குடம் குடிநீரும் பொறுப்பேற்கட்டும். கட்டு இலையைக் கழுவித் துடைத்து எடுத்து வருகிறவரைப் பந்தியில் எல்லோரும் வாழ்த்தத்தான் செய்வார்கள்.

யார் எதைக் கொண்டுவருவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் வரும் கேடும் ஒன்று உண்டு. ஒரு காணும் பொங்கலுக்கு எங்களில் மூன்று வீட்டார் கேசரியோடு வந்து சேர்ந்தோம். ஒன்று ஆரஞ்சு, ஒன்று மஞ்சள், ஒன்று நிறம் சேர்க்காத வெள்ளை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்று உப்புக்கு ஊறுகாயைத் தவிர வேறு தொடுகறி கிடையாது. அதற்குப் பிறகு பெரிய அக்கா பொறுப்பேற்றுக்கொண்டார். இப்போதும் பண்டிகைக்கு இருபது நாள் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவு வந்துவிடும். அவர் எழுதுவதில்லை, கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்கிறார். ஒவ்வொருவர் பெயரையும் பதார்த்தத்தையும் சொல்லி, இறுதியில், "தேங்காய்ச் சாதம் யாரும் கொண்டாரக் கூடாது" என்று முடிப்பார். நாற்பது ஆண்டு அனுபவம் பேசுகிறது என்று நாங்களும் கட்டுப்படுகிறோம். சென்ற ஆண்டு மட்டும் அந்தப் பதிவு வரவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஆர்டர் கொடுத்துவிட்டோமே, பிறகு எதற்கு என்று அவரும் இருந்துவிட்டார் போலும்.

எடுத்துவரும் பாத்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்திருக்கிறது. ஆனாலும் பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் காலையில் எந்தப் படித்துறைக்குப் போய்ப் பார்த்தாலும், மஞ்சள் கயிற்றோடும் காதோலை கருகமணியோடும், மெழுகுத்தாள் தட்டுகளும் தெர்மாகோல் கிண்ணங்களும் படிக்கட்டில் ஒதுங்கிக் கிடக்கின்றன. காலையில் விழுந்து கும்பிட்ட ஆறு அது. எவர்சில்வர் தூக்கிலோ சம்படத்திலோ கொண்டுவந்தால் அதைத் திருப்பி எடுத்துப் போயே ஆக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே பாத்திரம் மேலானது. அதோடு, எங்கள் பக்கம் பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கமில்லை. ஒரு பிடி சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ, மிஞ்சிய முறுக்கோ போட்டுத்தான் கொடுப்போம். என் தங்கை வீட்டுத் தூக்கு ஒன்று எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. அதில் போட்டுக் கொடுக்கத் தகுந்த பதார்த்தத்தை இன்னும் செய்யவில்லை என்று என் மனைவி காரணம் சொல்கிறாள். அந்தத் தூக்கின் மீது அவளுக்கு ஒரு கண் என்பது எனக்குத் தெரியும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழின் பண்டிகைச் சிறப்புப் பக்கங்களில் வரும் சமையல் குறிப்புகளைத் தவறாமல் படிப்பவன் நான். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. பொருள்களின் அளவும் செய்முறையும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் செய்த பதார்த்தம் எத்தனை மணி நேரம் தாங்கும், சூட்டோடு மூடலாமா, பயணத்தில் குலுங்கினால் என்ன ஆகும், எதைத் தனியே எடுத்துப் போய் அங்கே கலக்க வேண்டும் என்ற விவரங்களை ஒரு குறிப்பிலும் நான் கண்டதில்லை. ஒன்றுகூடலுக்குச் சமைப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். எனவே இந்த ஆடிப்பெருக்குக்கு முன்பாக, வாசகர்கள் தங்கள் குடும்ப ஒன்றுகூடலுக்கு ஆண்டுதோறும் எடுத்துப் போகும் ஒரே ஒரு பதார்த்தத்தைப் பற்றி, இந்த விவரங்களோடு எழுதி அனுப்புமாறு கேட்டு, வாரம் ஒரு பத்தியாவது தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோவை, நெல்லை, வேலூர், இராமநாதபுரம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் வெயிலுக்கும் வழிக்கும் தக்க கட்டுச்சோறு நிச்சயம் வேறு வேறாக இருக்கும். கெட்டுப்போன அனுபவங்களையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவற்றைப் படிப்பதில் கூடுதல் ஆவல். எங்கள் வீட்டுப் புளிக்காய்ச்சலின் அளவை மேலே எழுதியிருக்கிறேன். முதல் பத்திக்கு அதையே எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெரிய அக்காவிடமும் கேட்டுவிட்டேன். வெந்தயத்தின் அளவை மட்டும் எழுத வேண்டாம் என்றார், அதனால்தான் எழுதவில்லை.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்.